கிளட்ச்சில் வைத்த கால்

என் கடைக்கு வரும் லாரி ஓட்டுநர்களில் பத்துக்கு எட்டுப் பேர் திட்டு வாங்காமல் போனதில்லை. கிளட்ச் பிளேட்டைக் கழற்றினாலே ஆளின் குணம் தெரிந்துவிடும். நேர் ரோட்டிலும் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டியிருப்பான். பிளேட் கருகிக் கிடக்கும். "மிதிக்காதப்ப காலை எடுத்துக் கீழ வையி சாமி" என்பேன். பதினெட்டு வருடம் லாரி ஓட்டிவிட்டு நாமக்கல்லில் கிளட்ச் கடை போட்டவன் நான். திட்ட எனக்கு உரிமை உண்டு.

கடையில் உட்கார்ந்து தொப்பை வந்தது. கரைக்க ஓட ஆரம்பித்தேன். நான் ஓடினால் போதாதா, வீட்டுக்காரி மலர்விழியையும் இரண்டு வருடம் நச்சரித்தேன். கடைசியில் சேலத்தில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"முடியிற வரைக்கும் நீங்க பக்கத்துலயே ஓடியாரணுங்க. உட்டுட்டு முன்னால போனீங்கன்னா அப்படியே பஸ் ஏறிருவேன்."

வாக்குக் கொடுத்தேன். ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், இடது குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி நிற்குமே, அந்த நரம்பு பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடிக்கு உயிர் போனது. இறுகிய போல்ட்டைப் போல நினைத்து, வலிக்கிற இடத்திலேயே கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் வீங்கிவிட்டது.

பிசியோதெரபி பார்க்கும் ரஞ்சனி காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வலிக்கிற எடத்த உடுங்கண்ணா. மேல கெண்டைச்சதை கல்லாட்டம் இருக்குது, அது இழுக்கறதுலதான் கீழ வலிக்குது. எண்ணெய் போட்டு அதை நீவுங்க. அப்பறம் செவுத்துல கைய ஊனி, பின்னங்கால் குதியத் தூக்காம நில்லுங்க. முட்டிய நீட்டி ஒருக்கா, லேசா மடக்கி ஒருக்கா. நான் சொல்ற வரைக்கும் ஓடாதீங்க."

செய்தேன். கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் தொட்டு இரண்டு கட்டைவிரலாலும் நீவினேன். சப்பாத்திக் கட்டையையும் உருட்டினேன், மலர்விழி பார்க்கும்வரை. சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டு வேலுசாமி, "ஏனுங்கண்ணா, ஊடு சாயுதுங்களா" என்று விசாரித்துவிட்டுப் போனார். நீவினால் சதை இளகும். மாலைக்குள் மறுபடி கல். இரண்டு வாரம் போயும் வலி கொஞ்சம்தான் குறைந்தது. ரஞ்சனி மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மலர்விழி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இப்ப எந்த வண்டிய ஓட்டிட்டு இருக்கறீங்க?"

நானும் குனிந்தேன். என் இடது கால் முன்பாதத்தை ஊன்றித் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குதி இரண்டு விரற்கடை மேலே.

"டிவி பாத்தாலும் இப்படித்தானுங்க. கடையில ஸ்டூல்ல உக்காந்தாலும் இப்படித்தான். அன்னைக்கு சேலம் பஸ்சுல புதுச்சத்திரம் வரைக்கும் மிதிச்சுட்டே வந்தீங்க. கால் மணி நேரம் நீவறீங்க, நாள் பூரா மிதிக்கறீங்க. இதுல டிரைவருங்களத் திட்டறீங்க."

லாரியை விட்டு நான் இறங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கால் மட்டும் இறங்கவே இல்லை.

அதன்பின் குதி தரையில் இருக்கிறதா என்று பார்ப்பதே வேலையானது. ஒரே வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஆனாலும் பத்து கிலோமீட்டர் கூடவே கூடாது என்றுவிட்டார் ரஞ்சனி. வெட்கமாக இருந்தது. மலர்விழியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பஸ் ஏறுவாள் என்றே நினைத்தேன்.

"நான் ஓடறனுங்க," என்றாள். "நீங்க கடைசி மேட்டுல நில்லுங்க."

நின்றேன். கூட்டமெல்லாம் போன பிறகு வந்தாள், முகம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கியபடி. மேட்டின் பாதியில் ஓட்டம் நடையானது. நிற்கப் போகிறாள் என்று பட்டது. பக்கத்தில் ஓடி வருவதாகச் சொன்னவன் இங்கே மரம்போல நிற்கிறேனே என்று இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை அல்ல, இடது காலை.

"கிளட்ச்சுல இருந்து காலை எடுங்க," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் ஏறிக்கறேன்."

குதியைத் தரையில் வைத்தேன். அவள் என்னைக் கடந்து ஓடிப்போனாள்.