ஏழாம் சுருளில் கிடந்தது

...இல்லை, இது வள்ளமே இல்லை, வள்ளமென்றால் ஒரு முனையாவது கூராக இருக்க வேண்டும், இதுவோ தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி இரண்டு பக்கமும் மழுங்கிக் கிடக்கிறது, ஆனால் கொஞ்சத்துக்கு முன்னர் விளிம்புகளைக் கூராக்கிப் பார்த்தபோது இடது பக்கத்தில் கூர் இருந்ததே, அதிலிருந்து ஒரு கோடு வளைந்து கீழே இறங்கியதே... அது படத்தில் இருந்ததா, இல்லை கம்பியூட்டர் தன் பாட்டில் கீறிக் காட்டியதா? நஸீறா மறுபடியும் முதல் படத்துக்கே போனாள். திரையில் சாம்பல் நிறம் மேலிருந்து கீழாக மெல்ல நிரம்பியது. கல்முனைக் கடலின் அடி. கடல் அமைதியாக இருந்த மாதங்களில் துறைமுகத் திட்டத்துக்காரர்கள் ஒரு மோட்டார் போட்டின் பின்னால் கயிறு கட்டி இழுத்த கருவி, பார்க்க மீன் மாதிரி இருப்பதால் மீன் என்றே அதற்குப் பெயர், இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைச் சுருள் சுருளாகத் தாளில் பதித்து வைத்திருந்தது. வலிய பொருளென்றால் கறுப்பு. அதற்குப் பின்னால் ஒலி போய்ச் சேராத இடம் வெள்ளை, அதுதான் நிழல். அந்தத் தாளைக் கமராவின் கீழே விரித்து, படத்தைக் கம்பியூட்டருக்குள் எடுத்து, மங்கலைத் தெளிவாக்கி அச்சடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை, அதற்காகத்தான் கொழும்புக்கு அனுப்பிப் பழக்கினார்கள். ஆறு சுருளும் மணலும் சேறுமாகப் போய் முடிந்தன. ஏழாவதில் இது.

கறுப்பு வெள்ளையை இழுத்துப் பரப்பினாள், அடர்த்தி கூடியது, நடுவில் இருந்த சாம்பலெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க, நீளமாக ஒன்று எழும்பி நின்றது. ஓம், வள்ளம்தான். பின்பக்கம் சதுரமாக ஒரு கறுப்பு, அது எஞ்சின் பெட்டியாக இருக்கலாம், மீராமுகைதீன் முதலாளியின் வள்ளத்தில் எஞ்சின் பெட்டி பின்னால்தான் இருந்தது என்று சொன்னார்கள்... யார் சொன்னது? காலிதீனா சொன்னார்? கலியாணம் முடித்து மூன்று மாதம், அவர் கடலைப் பற்றி அவளிடம் என்னதான் கதைத்தார், மீன் பட்டதா என்று கேட்டால் பட்டது என்பார், படவில்லையா என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார். அந்தக் கார்த்திகை மாதத்தில் மப்பும் மழையுமாக இருந்தபோதே அந்த வள்ளத்தில் போனார். போகாதீங்க என்று சொன்னாளா? சொன்னதாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறாள், சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது, இப்போது நினைத்தால் அன்று காலையில் அவள் குசினியில் முகம் காட்டாமல் நின்றது மட்டும்தான் வருகிறது. அன்றிரவே சூறாவளி. தகரங்கள் பறந்து, தென்னைகள் தலையறுந்து, ஊரே மொட்டையானது. வள்ளமும் வரவில்லை, அதில் போன நாலு பேரில் ஒருவரின் மையித்தும் கரை ஒதுங்கவில்லை. ஒதுங்காதது நல்லதா கெட்டதா என்று அப்போது தெரியவில்லை... இப்போதும் தெரியவில்லையே.

ஒதுங்காததால்தான் மாமிக்கு நம்பிக்கை. காலிதீனின் உம்மா சல்மா உம்மா. புயல் முடிந்த மாதம் யாரோ வந்து, பர்மாக் கரையில் நம்மட பக்கத்துப் பொடியன்கள் சிலர் ஏறியிருக்கிறார்களாம் என்றான். அவன் யார், எந்த ஊர், பிறகு ஏன் வரவில்லை, ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த ஒரு கதையில் மாமி ஏழு வருடமாக இருக்கிறார். நஸீறாவை, புருஷன் மவுத்தானால் பெண் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கிற இத்தா இருக்கவும் விடவில்லை, உசிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு இத்தா என்று கேட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிகிற நேரத்தில் வருவார், கிழங்கோ முருங்கைக்காயோ ஏதாவது முந்தானையில் இருக்கும், வந்து, மருமகளை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். தொடும்போது, தான் மனைவியா, விதவையா, அல்லது காலிதீன் பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன ஒரு பொருளா... ஏன் இப்படி நினைக்கிறேன், பாவம் மாமி, அந்தக் கை எவ்வளவு மெலிந்துவிட்டது. படத்தை மழுக்கினாள். புள்ளிகளெல்லாம் கரைந்து, நீளமான பொருள் உருண்டு திரண்டது. பாறை. சந்தேகமே இல்லை, பாறைதான், பக்கத்திலும் இரண்டு சின்னப் பாறைகள் இருக்கின்றன, குட்டியும் தாயுமாக. அப்பாடா என்றிருந்தது. எதற்கு அப்பாடா?

பாறையென்றால் அவர் அங்கே இல்லை. அங்கே இல்லையென்றால் எங்கேயோ இருக்கிறார். எங்கேயோ இருந்தால், அப்துல் கபூர் மாஸ்டருக்கு என்ன பதில் சொல்வது? மனைவி மவுத்தாகி, இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிற மனிதர், நேர்மையாக அவளுடைய காக்காவிடம், மூத்த சகோதரனிடம், வந்து பெண் கேட்டார். காதியாரிடம் போனால் அவர் விசாரித்து, பழைய கலியாணம் முடிந்ததென்று ஒரு தீர்ப்புச் சொல்வார், இத்தனை வருடம் தகவல் இல்லையே, ஒண்டும் கஷ்டமில்ல தங்கச்சி, நீ ஓம் எண்டு சொன்னாச் சரி என்கிறார் காக்கா. அவளுக்கோ வாயில் ஓமும் வரவில்லை, இல்லையும் வரவில்லை. மாஸ்டர் மழைக்குள்ளே இரண்டு பிள்ளைகளையும் குடைக்குள் விட்டுத் தான் நனைந்துகொண்டு போனதை ஒரு நாள் ஜன்னலால் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், சோறு அடிப்பிடித்தது. அது பாவமா? அப்படியென்றால் இது வள்ளமாக இருப்பதுதானே நல்லது, வள்ளமென்றால் ஒரு முடிவு... அல்லாஹ்வே, என்ன நினைப்பு இது, ஒரு மனிதன் கடலுக்கடியில் கிடக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேனா? இல்லை, ஆசைப்படவில்லை, படத்தைத்தான் பார்க்கிறேன், படம் என்ன சொல்கிறதோ அது. படமோ, கூராக்கினால் ஒன்று, மழுக்கினால் வேறொன்று. கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்த்தாள், நிழல் பொருளாகிவிட்டது, பொருள் ஒரு குழி மாதிரி ஆகிவிட்டது, இவ்வளவு நேரமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதுவே இல்லாமல் போயிற்று. அவசரமாகப் பழையபடி மாற்றினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு நல்லரெத்தினம் வந்தார், அளவைப் பகுதியின் பொறுப்பாளர், திருகோணமலைக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகாததால் இந்த ஊரின் பழைய சங்கதிகள் அவருக்குத் தெரியாது. "தங்கச்சி, பின்னேரம் வேன் கொழும்புக்கு வெளிக்கிடும். அதுக்குள்ள ஏழாஞ் சுருளையும் அடிச்சுத் தந்திடுங்க." திரையைக் குனிந்து பார்த்தார். "இதென்ன, பாறையா?"

"விளங்கல்ல சேர். ஒருக்கா பாறை மாதிரிக் கிடக்கு, ஒருக்கா வள்ளம் மாதிரி."

"பாறையெண்டா பாறையெண்டு குறிச்சிட்டு விட்டிடலாம். வள்ளமெண்டா சுழியோடிகள இறக்கிப் பாக்கோணும், அது பெரிய வேல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் நிமிஷத்துக்கு ஒரு கத சொல்லுவன். நீங்கதானே காலமயில இருந்து இதோட இருக்கிறீங்க. உங்களுக்கு எது சரியெண்டு படுதோ அந்தப் படத்த அடிங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். தனக்குச் சரியென்று படுவதா? அதைத்தானே காக்காவும் சொன்னார், நீ சொல்லு என்று. எல்லாரும் நல்ல மனிதர்கள், எல்லாரும் அவளிடமே விட்டுவிடுகிறார்கள், விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்கள்.

கதவு மறுபடியும் திறந்தது, அவர்தான் எதையோ மறந்துவிட்டு வருகிறார் என்று திரும்பினால், வாசலில் மாமி. முக்காடு நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரூட்டிய அறைக்குள் காலை வைக்கப் பயந்து நின்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே... கந்தோருக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

"வாங்க மாமி. என்ன மாமி, மழைக்குள்ள?"

"வாசல்ல நிக்கிறவர் உட்டுட்டார் மகள்." உள்ளே வந்தார், நாற்காலியின் நுனியில் இருந்தார். "கபூர் மாஸ்டர் ஒன்னக் கேட்டு வந்தாரெண்டு சனங்கள் கதைக்காங்க. மெய்யா புள்ள?"

நஸீறா தலையைக் குனிந்தாள். ஏசப் போகிறார், ஊர் கேட்க ஏசப் போகிறார், ஏசட்டும், ஏசினால் இலேசாக இருக்கும். மாமி ஏசவில்லை. "நான் சண்டைக்கு வரல்ல. நீயும் சின்ன வயசு. ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தன்." திரையைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். "இதுதானா கடலுக்கடி? எனக்கு ஒண்டும் விளங்கல்ல, பொகை மாதிரிக் கிடக்கு. ஆனா ஒனக்கு எல்லாந் தெரியுமாமே. கல்லு, கட்ட, முள்ளு, எல்லாந் தெரியுமாம். அப்ப நீ சொல்லு மகள். பொய் சொல்லாம. எங்கிட மகனப் பாத்தியா?"

திரையில் மழுக்கிய படம். ஒரு விசையை அழுத்தினால் கூராகும். விரல் விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாத்தேன் மாமி என்று சொல்லலாம், அது பொய்யா? பாக்கல்ல என்றால் அது மெய்யா? இந்த மனுஷி எதைக் கேட்கத்தான் மழைக்குள்ளே இவ்வளவு தூரம் நடந்து வந்தார், தெரிந்துகொள்ளவா, தெரியாமல் இருக்கவா? ஓம் என்று சொன்னால் என்ன செய்வார், அழுவாரா, அழுது முடித்துவிட்டு, அப்ப நீ போய் நல்லா இரு மகள் என்பாரா, அதற்குத்தான் வந்தாரா?

"இல்ல மாமி," என்றாள்.

மாமியின் முகம் மலர்ந்தது, இப்படி ஒரு முகம் அவருக்கு இருந்ததா, இது காலிதீனின் சிரிப்பு அல்லவா? "அல்ஹம்துலில்லாஹ். நான் சொன்னனே. கடலுக்க இல்லயெண்டா எங்கயோ இருக்கான். நீ கொஞ்சம் பொறுத்துக்க மகள்." எழுந்து, அவள் தலையைத் தடவிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். படியிறங்கும் சத்தம் இலேசாக, இளம்பெண் இறங்குகிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லால் ஒரு மனுஷிக்கு இத்தனை உயிர் கொடுக்க முடியுமா, அதே சொல்லால் தன்னை இன்னும் எத்தனை வருடத்துக்குக் கட்டிப்போட்டேன்? கதவுவரை ஓடினாள், மாமி, நில்லுங்க, எனக்குத் தெரியா எண்டுதான் சொல்லியிருக்கணும் என்று கூப்பிட வாயெடுத்தாள். கீழே மாமி காவல்காரரிடம் ஏதோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? பாவம் பார்த்தா, பயந்தா... திரும்பி வந்து இருந்தாள்.

இனி அச்சடிக்க வேண்டும். எதை? மழுக்கியதை அடித்தால் பாறை, மாமியிடம் சொன்னது மெய்யாகிவிடும், யாரும் இறங்கமாட்டார்கள், எல்லாம் இருந்தபடி இருக்கும். கூராக்கியதை அடித்தால் வள்ளம், ஆட்கள் இறங்குவார்கள், அங்கே ஒரு பலகையோ, எஞ்சினோ, இல்லாவிட்டால் வேறு யாருடையதோ ஒரு வள்ளமோ... இந்தக் கடலில் அன்று போனது ஒரேயொரு வள்ளமா? இதுவரை அதை யோசிக்கவே இல்லையே. எத்தனை ஊர், எத்தனை வீடு. தான் மட்டும் இதைத் தன்னுடையதென்று எப்படிப் பிடித்துக்கொண்டாள்? எஞ்சின் பெட்டி என்று எதைச் சொன்னாள், முதலாளியின் வள்ளத்தைத் தன் கண்ணால் ஒருநாளும் கண்டதில்லை, கடற்கரைக்குப் போகிற வழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இருந்ததில்லை. காணாத வள்ளத்தைக் காலையிலிருந்து எந்த நினைவில் வைத்துத் தேடினாள்? கை தன் பாட்டில் முதல் படத்தைக் கொண்டுவந்தது, இழுக்காத, கூராக்காத, மழுக்காத சாம்பல். அச்சு யந்திரம் கிரீச்சிட்டுக்கொண்டு வரி வரியாக அடித்தது. தாளில் மங்கலாக, ஒன்றுமில்லாதது போலவும் ஏதோ இருப்பது போலவும் அது கிடந்தது.

நல்லரெத்தினம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத நீங்க துப்புரவாக்கவே இல்லையே?"

"ஆக்கினா நான் நினைக்கிறதுதான் வருது சேர். ஆள் இறங்கிப் பாக்கத்தான் வேணும்."

அவர் தாளின் மூலையில் பென்சிலால் ஏதோ குறித்தார். "சரி. மாசி கழியட்டும், கடல் அடங்கினதும் இறக்குவம்."

"நானும் போட்டில வரலாமா சேர்?" என்று கேட்டது யார்? அவள்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"நீங்களா? கடலுக்கா? என்னத்துக்கு தங்கச்சி?"

என்னத்துக்கு... பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அது கல்லாக இருந்தால் மாமிக்குச் சொல்ல என்று சொல்லலாம், வள்ளமாக இருந்தால் காதியாருக்குச் சொல்ல என்று சொல்லலாம், இரண்டும் சரியான பதில்தான், இரண்டும் நாவில் வந்து நின்றன. கீழே வேன்காரன் ஹோன் அடித்தான், நல்லரெத்தினம் தாளைச் சுருட்டிக்கொண்டு, யோசிச்சுச் சொல்லுங்க என்று இறங்கிப் போனார். பாத்தியா என்று மாமி கேட்டார், பாறையா வள்ளமா என்று இவர் கேட்டார், ஓமா இல்லையா என்று காக்கா கேட்டார்... காலிதீன் கிடைக்க வேண்டுமா என்று மட்டும் இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வேன் மழைக்குள் திரும்பிப் போவது தெரிந்தது, அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.