மிஷி வீட்டுச் சந்தில் நின்ற யானைகள்

தந்தங்கள் பறிமுதலான சேதி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பாத்தே என்ற தீவூருக்கு வந்து சேர நாலு மாதம் இருக்கும்போதே, அந்தத் தந்தங்களுக்குரிய யானைகள் வந்து சேர்ந்துவிட்டன. கடல் வற்றிக் கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், எதிர்க்கரையிலிருந்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தீவுக்கு நடந்து வந்தன. சேற்றில் கால் பதியவில்லை. நண்டுகள் வளைக்குள் ஓடவும் இல்லை. தெற்கு வாசல் வழியாக ஊருக்குள் நுழைந்து, மீன் சந்தையில் ஒரு கூடையைக்கூடக் கவிழ்க்காமல் கடந்து, வணிகர் ஹதீபுவின் வீடு இருக்கும் சந்துக்குள் திரும்பிச் சுவரோரமாக வரிசையில் நின்றுகொண்டன. ஒன்றுக்கும் தந்தம் இல்லை. அது இருந்த இடத்தில் கை நுழைகிற குழி மட்டும் இருந்தது. அன்று சந்தையில் சுறா மலிவு, தேங்காய் கிராக்கி.

ஹதீபு ஊரில் இல்லை. தந்தச் சரக்கோடு கப்பலில் குஜராத் கரைக்குப் போயிருந்தார். வாசலுக்கு வந்து பார்த்தவள் அவர் மனைவி மிஷி. அந்தக் கப்பலில் பாதி அவளுடையது. தாய்வழி வந்த தென்னந்தோப்பையும் கல்யாணத்துக்குக் கணவர் போட்ட மஹர் நகையையும் விற்றுத்தான் அதற்குப் பாயும் கயிறும் வாங்கினார்கள். கடல் காற்றில் வெடித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தந்தத்துக்கும் தேங்காயெண்ணெய் தடவி, ஓலைப்பாயில் சுற்றிக் கட்டியவளும் அவள்தான். முன்னால் நின்ற யானையின் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அந்தச் சுற்றளவு அவள் கைக்குப் பழகிய சுற்றளவு. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தம்பி கோம்போவுக்கு எதிலும் விளையாட்டுத்தான். சந்துக்குள் பக்கவாட்டாக நுழைந்து வந்தவன், “என்னக்கா, மச்சான் தந்தத்த வித்துட்டு மிச்சத்த வீட்டுக்கு அனுப்பிட்டாரா?” என்றான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “போச்சுடா,” என்றாள் மிஷி. “எல்லாம் போச்சு.”

ஊர் முதலில் பயந்தது, பிறகு பேசியது, பிறகு சலித்துக்கொண்டது. யானைகள் தின்னவில்லை, குடிக்கவில்லை, சாணம் போடவில்லை. உச்சி வெயிலிலும் தொட்டால் கிணற்றுச் சுவர்போலக் குளிர்ந்திருந்தன. தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்களுக்குச் சந்து அடைபட்டுப்போயிற்று என்று வழக்கு காஜியிடம் போனது. தின்னாததால் இவை மிருகமல்ல, யாருக்கும் தீங்கு செய்யாததால் ஷைத்தானுமல்ல, ஆகவே உரியவர் வந்து கேட்கும்வரை நின்ற இடத்தில் நிற்கலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். குடங்கள் அடுத்த சந்து வழியாகப் போகத் தொடங்கின.

வாடைக்காற்று எழும்பியதும் கப்பல் வந்தது. வயிறு காலியாக, தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்ததைக் கரையில் நின்றவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள். ஹதீபு அதில் இல்லை. கப்பலை ஓட்டிவந்த நகுதா மக்காமே நேரே மிஷியின் வீட்டுக்கு வந்து, யானைகளைக் கடந்து, வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்தார். நடந்தது இதுதான். பறங்கியர் கோட்டை கட்டி வைத்திருந்த துறைமுகத்தில், கடலில் போக அவர்களே விற்ற சீட்டைக் கேட்டார்கள். சீட்டு இருந்தது. அதற்குரிய விலையும் கட்டியிருந்தது. ஆனால் அதில் பழைய நகுதாவின் பெயர் எழுதியிருந்தது, அவரோ புறப்படுவதற்கு முந்தின வாரம் காய்ச்சலில் இறந்துபோனார்.

“சீட்டுல இருக்கிற ஆளக் கொண்டாங்கறான். அவரு மவுத்தாயிட்டாரு, நாங்களே குழி வெட்டி அடக்கினோம்னு சொன்னோம். அப்ப சீட்டும் செத்துப்போச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறான். அன்னிக்கு அசர் தொழுகைக்குள்ள மொத்தத்தையும் எறக்கிட்டானுங்க. பாயும் கட்டுமாத்தான் எறக்கினானுங்க தாயி, நீ சுத்தின பாயோடயே.”

“அவங்க எங்க?” என்று கணவரைக் கேட்டாள் மிஷி.

“கேட்டு வாங்கிட்டுத்தான் வருவேன்னு சுங்கச்சாவடி வாசல்ல நிக்கிறாரு. உக்காரச் சொன்னா உக்காரல. உக்காந்தா பறங்கி மறந்துருவானாம்.”

மக்காமே போனபின் மிஷி உலக்கையை எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்தாள். “போங்க! இங்க என்ன இருக்கு? புடுங்கினவன் வீட்டு வாசல்ல போய் நில்லுங்க!” என்று முதல் யானையின் முன்னங்காலில் ஓங்கி அடித்தாள். ஈரமணலில் அடித்ததுபோலச் சத்தமே வரவில்லை. அடுத்ததை அடித்தாள். கை ஓயும்வரை வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். கடைசி யானை அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமோ கெஞ்சலோ இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டும் இல்லை. உலக்கையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

மழைக்கு முன் எதிர்க்கரையிலிருந்து கூயோ வந்தான். அந்தத் தந்தங்களைக் கொடுத்தவன் அவன்தான். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்திருந்தான். குஜராத்திலிருந்து நீலத்துணி வந்ததும் அவனுக்கும் அவனோடு வேட்டைக்கு வந்த குடிகளுக்கும் துணி தருவதாகப் பேச்சு. சந்துக்குள் கால் வைத்தவன் ஒவ்வொரு யானையின் முன்னாலும் நின்று, தனக்குள் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தான். “இது உப்புக் குளத்துல விழுந்தது. இது ரெண்டு நாள் ஓடிச்சு. இது…” அவன் தம்பியை மிதித்துக் கொன்ற யானை அது. அதன் துதிக்கை மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றான். பிறகுதான் வாசலுக்கு வந்தான்.

“துணி எங்க தாயி?”

“வரல கூயோ. சரக்கப் பறங்கி புடுங்கிக்கிட்டான்.”

“அது உனக்கும் பறங்கிக்கும் உள்ள பேச்சு. எனக்கும் உனக்கும் என்ன பேச்சு? மழைக்கு முன்னாடி நீலத்துணின்னு இதே வாசல்ல வச்சுச் சொன்ன. நான் அத நம்பி எங்க ஆளுங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன். என் மவன் கல்யாணம் அந்தத் துணியிலதான் நிக்குது.”

சுவர் மாடங்களில் வரிசையாக நின்ற சீனத் தட்டுகளை அவள் இறக்கி அவன் முன் வைத்தாள். “தட்டை எப்படி உடுத்துறது?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து தன் துணிகளையெல்லாம் கொண்டுவந்து போட்டாள். பட்டுக்கரை போட்டவை, வாசலுக்குத் தொங்கவிட்டவை, பிறந்து சில நாளே இருந்து போன பிள்ளைக்கென்று தைத்தவை. கூயோ ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். பிள்ளைத் துணிகளை மடித்து அவள் பக்கமே தள்ளிவிட்டு மற்றதைக் கட்டிக்கொண்டான். ஊருக்குப் பங்கிட அது காணாது என்பது இருவருக்குமே தெரியும். போகும்போது யானைகளையாவது காட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தான். நாக்கை மடித்துக் குரல் கொடுத்தான், முன்னால் நடந்து காட்டினான், திரும்பி வந்து காதோடு ஏதோ சொன்னான். ஒன்றும் அசையவில்லை. “உசிரோட இருக்கறத ஓட்ட எனக்குத் தெரியும். இதுங்கள ஓட்டத் தெரியல தாயி,” என்று சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினான். அதன்பின் அவன் வரவில்லை. வாக்குத் தவறியவன் என்று அவன் மாடுகளை அவன் ஆட்களே பிரித்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். எதிர்க்கரைத் தந்தமும் அந்த வருடத்தோடு வேறு ஊர்களுக்குப் போகத் தொடங்கிற்று.

ஹதீபு இரண்டு வாடைக்காற்றுப் பருவம் கழித்து வந்தார். தோள் எலும்பு துணிக்கு மேலே தெரிந்தது. யானைகளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அங்கேயும் சுங்கச்சாவடியைச் சுற்றி, பறிகொடுத்ததைக் கேட்டுப் பல ஊர்களிலிருந்தும் வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பழகியிருந்தார். சுக்குப் போட்ட பாலை மிஷி நீட்டினாள், நின்றபடியே குடித்தார். தந்தங்களை ஏலம் விட்டுவிட்டார்கள். எடுத்தவர் வேறு யாருமில்லை, வருடாவருடம் அவரிடம் விலை கொடுத்து வாங்குகிற அதே குஜராத்தி வியாபாரி வேல்ஜி.

“அந்தாளு கையில காறித் துப்பாம வந்தீங்களா?” என்றாள் மிஷி.

“எப்படித் துப்பச் சொல்ற? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட்டாரு. போன வருஷம் அவரு கப்பலும் பறிபோயிருக்கு மிஷி. ஏலத்துல மலிவா எடுத்தாத்தான் அவரு எந்திரிக்க முடியும். சோத்தப் போட்டுட்டு அவரும் அழுவுறாரு, தின்னுட்டு நானும் அழுவுறேன்.”

“தந்தம்?”

“வளையலாயிடுச்சு. கல்யாண மாசம். தெருவுல போற பொண்ணுங்க கையெல்லாம் நம்ம தந்தந்தான். முழங்கை வரைக்கும் போட்டுருக்காங்க. நல்லாத்தான் இருக்கு பாக்க.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கோட்டைக்குப் புது அதிகாரி வரப்போகிறான், முன்னவன் செய்ததை இவன் விசாரிப்பான் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். தென்மேற்குக் காற்றில் மறுபடி கிளம்பினார். மிஷி தடுக்கவில்லை. தடுத்தால் அந்த ஒரு நம்பிக்கையும் இந்த வீட்டில் செத்துக் கிடக்கும், அதையும் சேர்த்து யார் அடக்குவது என்று நினைத்தாள். பயணச் செலவுக்குச் சீனத் தட்டுகள் போயின. கப்பல் போயிற்று, அதை வாங்கியவன் பலகைகளைத் தைத்திருந்த கயிற்றைப் பிரித்து அவற்றை விறகுக்குப் போட்டான். செதுக்கிய வாசற்கதவைக் கழற்றி மொம்பாசாக்காரன் ஒருவன் கொண்டுபோனான். அந்த இடத்தில் மிஷி ஓலைத்தட்டி கட்டினாள். கோம்போ மாமிச வியாபாரி ஒருவனிடம் ஆள்வேலைக்குப் போனான், நாளடைவில் விளையாட்டுப் பேச்சையும் விட்டுவிட்டான். மிஷி வாசலில் அடுப்பு மூட்டி, தேங்காய்ப்பால் ஊற்றிய அரிசி அப்பம் சுட்டு விற்றாள். ஹதீபு ஒவ்வொரு முறையும் போனார், வந்தார், போனார். ஒவ்வொரு முறையும் வீட்டில் கொஞ்சம் குறைவாக இருந்தார். சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார், பாயில் படுப்பதை நிறுத்திச் சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

கடைசியாக அவர் வந்தபோது மிஷியின் தலை நரைத்திருந்தது. சந்து முனையில் அவரைக் கண்டவள் கரண்டியோடு எழுந்து வந்தாள். அவர் வீட்டுக்குள் வரவில்லை. யானைகளுக்கு நடுவே ஓர் ஆள் நிற்க இடமிருந்த இடைவெளியில் போய் நின்றுகொண்டார்.

“என்னாச்சு? என்ன சொன்னான்?”

“ஜெயிச்சுட்டேன் மிஷி.” அவர் குரலில் மகிழ்ச்சியில்லை, பொய்யும் இல்லை. “புடுங்கினது தப்புன்னு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொன்னாங்க. நான் சொன்னது அத்தனையும் நெசமாம்.”

“அப்ப குடுத்தானா?”

“என்னத்தக் குடுப்பான்? ஏலக் காசு அந்த வருஷமே கோட்டைச் செவுருக்குச் சுண்ணாம்பாப் போயிடுச்சாம். செவுர வேணா போய்ப் பாத்துக்கோன்னாங்க. பாத்தேன். நல்ல செவுரு.”

மிஷிக்குக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “சரி, உள்ள வாங்க. அப்பம் சூடா இருக்கு.”

“உள்ள வந்தா உக்காரணும். எனக்கு உக்கார மறந்துபோச்சு,” என்றார் ஹதீபு. அவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான்.

அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கோம்போ வந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் பார்த்தான். ஒட்டிப்போன அந்த உடம்பு அவனால் தூக்க முடியாத கனமாக இருந்தது. முதல் வாரம் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு அது உதட்டோரம் வழிந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் நெற்றியில் கை வைத்துப் பார்த்த மிஷிக்கு அங்கே குளிர்ந்திருந்தது. மூச்சிருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைத்தாள். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இறந்தவருக்குரிய ஜனாஸாத் தொழுகை நடத்துவதா வேண்டாமா என்று காஜியிடம் கேட்கக் கோம்போ போனான். பழைய காஜி இறந்து அவர் மகன் இருந்தார். நிற்கிறவருக்கு ஜனாஸா இல்லை, விழுந்தால் சொல்லியனுப்புங்கள் என்றார். அவர் விழவில்லை.

மிஷி அடுப்பை அவர் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டாள். அப்பம் வாங்க வருகிறவர்கள் அவருக்கும் சலாம் சொன்னார்கள். நாள் முழுக்க அவரிடம் விற்பனையைப் பற்றி, அரிசி விலையைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரி கடனாக வாங்கிப் போன சட்டியைப் பற்றிப் பேசினாள். பதில் இல்லாதது அவளுக்கு முதல் வருடம் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தலை நனைந்தால் அவருக்குச் சளி பிடிக்கும் என்பது பழைய பயம். கரையில் கிடந்த கிழிந்த பாய்த்துணி ஒன்றை இழுத்து வந்து, அவர் தலைக்கு மேலே விரித்துக் கட்டினாள். ஒரு முனையை ஓலைத்தட்டிக் கழியிலும், அடுத்த இரண்டு முனைகளைப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியிலும் முடிந்தாள். நாலாவது முனைக்குக் கழியும் இல்லை, ஆணியும் இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற யானையின் காது மடலைப் பிடித்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, தாங்குகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். தாங்கியது. அடுப்பை அந்தத் துணிக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.