கதையோடு சேர்த்து ஒரு சோபா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சோபா தேடிப் போனேன். பழைய விலைக்குப் புதிய சோபா கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். கதவு திறந்ததுமே ஒரு சோபா. அதன் முதுகை ஒட்டி இன்னொன்று. சமையலறைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு மூன்றாவது.

"பார்த்து ஏறி வாங்க சார்" என்றார் வீட்டுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

அவர் ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளர். ஊரில் யாரும் எதையும் வாங்காத காலம். மாதத்துக்கு இத்தனை விற்றாக வேண்டும் என்று கடை சொல்லும். விற்காவிட்டால் வேலை ஆட்டம் காணும். ஆகவே மாதக் கடைசியில் ஒன்று குறைந்தால், வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைத் தானே தவணையில் வாங்கிவிடுவார். தன் கடையின் மிகச் சிறந்த வாடிக்கையாளர் அவர்தான்.

[எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் சென்ற நாவலின் பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை வாங்கியது யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.]

2

முதல் தொடக்கம்: "பொருளாதாரம் என்னும் ராட்சதச் சக்கரத்தின் கீழ் நசுங்கிய எளிய மனிதன் ஒருவன்..."

அடுத்த முறை போனபோது இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு சார். அந்த நசுங்கினது ரொம்ப நல்லாருக்கு."

இரண்டாவது சோபாவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "தவணைக்குக் கையெழுத்து போட்டது சக்கரமா, நீங்களா?"

"ஊரே படுத்துக் கிடக்கு. நமக்கு மட்டுமா மந்தம்?"

"எல்லாருக்கும்தான். எல்லாரும் சமையலறைக்கு ஏறிக் குதிச்சா போறாங்க?"

தொடக்கத்தை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஒரு கோபக்கா

இதுவும் சரியில்லை. அவர் கோபக்காரர் அல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். "கொஞ்சம் வலிக்கும், கையை அசைக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, எதையும் அதே குரலில் சொல்லப் பழகியவர்.

3

என் சந்தேகம் கணவர்மேல்தான். எந்த நாட்டு வங்கி ஏன் மூழ்கியது என்று அரைமணி நேரம் பேசுவார். மூன்று தவணையும் சேர்ந்து எவ்வளவு என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார். "அது ஒரு மாதிரி போகுது சார்." இப்படி ஒருவரை வாசகர் நம்புவாரா?*

(*நம்புவார். வாசகர் வீட்டிலும் மின்விசிறி இருக்கிறது.)

அன்று மனைவி கையை நீட்டினார். "போனைக் கொடுங்க. கொஞ்சம் வலிக்கும்."

வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாக அவர் படிக்க, கணவரே கூட்டினார். கூட்டி முடித்ததும் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார மட்டும் அந்த வீட்டில் பஞ்சமில்லை.

"நாலாவது வந்தா வாடகை கட்ட முடியாது. சோபா நாலு இருக்கும், போட வீடு இருக்காது" என்றார் மனைவி.

"வாங்கலைன்னா வேலை போயிடுமே."

"போகலாம். அதை அவங்க முடிவு பண்ணட்டும். இதை நாம பண்ணுவோம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. முன்வாசலில் கிடந்ததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இந்தக் கதைக்குச் சன்மானம் வந்ததும் பணம் தருவதாகவும் சொன்னேன்.

"வந்ததும் வாங்க சார். சோபா எங்கேயும் போயிடாது" என்றார் மனைவி.

வேறு வழியில்லை. என் நாவலில் இன்னும் ஒரு கட்டு வாங்க ஒதுக்கியிருந்த காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

4

முடிவுகளுக்கு வருவோம்.

அ. மாதக் கடைசி நாளில் ஒரு விடுதி முதலாளி வந்து, கடையிலிருக்கும் சோபா அத்தனையையும் கேட்கிறார். ("வரட்டும், நல்லாருக்கட்டும்" என்றார் மனைவி. "அவரை நம்பி உலை வைக்க முடியாது.")

ஆ. மந்தம் தீர்ந்துவிடுகிறது. எப்படித் தீர்ந்தது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். எனக்குத் தெரியாது.

இ. அவர் பேனாவை எடுத்து நாலாவது

இதை என்னால் எழுத முடியவில்லை.

5

மாதக் கடைசி நாள் மாலை நான் வண்டியோடு போனேன். சோபாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் தூக்கியிருந்தபோது அவர் போன் அடித்தது. கடை மேலாளர். மனைவி ஒலிபெருக்கியில் போட்டு, போனைச் சோபாமேலேயே வைத்தார்.

"ஒண்ணு குறையுதேப்பா. வழக்கம்போல உன் பேர்லயே போட்டுடவா?"

அவர் என்னைப் பார்த்தார். எழுதுகிறவன் ஏதாவது செய்வான் என்ற பார்வை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கையை அசைக்காதீங்க" என்றார் மனைவி, மெதுவாக.

"வேண்டாம் சார்" என்றார் அவர். குரல் கொஞ்சம் நடுங்கியது, சோபா நடுங்கவில்லை. "ஒண்ணு குறையுதுன்னே எழுதிடுங்க. ஏற்கெனவே வாங்கினதையே வித்துட்டிருக்கேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மேலாளரின் குரல்: "சரி. காலைல வந்து என்னைப் பாரு."

அந்தக் காலை இன்னும் விடியவில்லை. அவருடைய வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படி முடித்தாலும் அவர்கள் வீட்டில் இன்னும் இரண்டு சோபாக்கள் மீதம் இருக்கின்றன. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஒன்றில் மட்டும் கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு காபிக் கறை. ரொக்கம் மட்டும். பார்க்க வருபவர்கள் மாலையில் வரவும். இப்போது ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. ஓரமாக நடந்தே உள்ளே போகலாம்.