கொஞ்சம் தள்ளி இருங்க

"நேத்துப் பகல் பன்னண்டு மணிக்கு எண்ட தொட்டியில ஐஸ் படிஞ்சிச்சு மாஸ்டர். பழுக்கக் காச்சின இரும்பப் போட்டாப் போதும். குளிர் ஊர் நுவரெலியாக்காரனே கம்பளியோட வந்து பார்த்திட்டுப் பெய்த்தான்" என்றார் மடவளை இரும்புப் பட்டறை தாஸிம் நானா.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் லெட்சுமணனுக்குச் சிரிப்பு வந்தது. தாஸிமுக்கு வரவில்லை. ஒரு கிழமையாக அவர் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த கத்தியெல்லாம் அப்பளமாக நொறுங்கின. வெள்ளிக்குள் சரிவராவிட்டால் பட்டறையை விற்றுவிடுவோம் என்று மனைவி பாயிஸா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"சூடானதத் தண்ணியில போட முன்ன அல்லாஹ்ட பேரால எண்டு பிஸ்மி செல்லணும் மாஸ்டர். கண்ணுக்குத் தெரியாதவங்க விலகிப் போவாங்க. போன கிழமை பல்லுப் புடுங்கி வாயில பஞ்சு. 'ம்ம்' மட்டுந்தான் வந்திச்சு."

"பொறகு சொல்லிப் பார்த்தீங்களா?"

"தினமும் செல்றன். விலகிறாங்க இல்ல. சூட்டு ருசி பிடிச்சுப் பெய்த்து."

மாஸ்டர் வெப்பமானியை எடுத்தார். ஒரு கிலோ இரும்பு, எண்ணூறு பாகை. பத்து லீற்றர் தண்ணீர், இருபத்தைந்து.

"முப்பத்து மூணுல நிக்கும் நானா. சூழலுக்கு வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்க."

"அந்தச் சூழல் ஆரு மாஸ்டர்?"

முப்பத்தைந்து வருடமாக அந்த வரியைக் கரும்பலகையில் எழுதியவரிடம் யாரும் கேட்காத கேள்வி.

இரும்பு உள்ளே போனது. சீறல் இல்லை, ஆவி இல்லை. தூங்குகிறவன் வாய்க்குள் நழுவியது போலப் போனது. வெப்பமானி பத்தொன்பது காட்டியது. குறடால் எடுத்த இரும்பும் அதே குளிர்.

மாஸ்டர் கணக்குப் போட்டார். காணாமல் போன வெப்பம் ஆறு இலட்சத்துப் பதினோராயிரம் யூல். ஏன் அப்படி வகுத்தார் என்று அவருக்கே தெரியாது: அறுபது கிலோ உடம்பு ஒன்றை மூன்று பாகை சூடேற்ற அளவாக இருந்தது.

தொட்டியருகே யாரும் உட்காராத கதிரை ஒன்று கிடந்தது. அதன் பிரம்பு நடுவில் குழிந்திருந்தது. தொட்டார். ஈரம். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது.

கண்டி பஸ்ஸில் ஆயுளில் பாதியை நெருக்குப்பட்டே கழித்தவர் அவர். வாய் தானாகச் சொல்லிற்று:

"கொஞ்சம் தள்ளி இருங்க."

பிரம்பு மெல்ல மேலெழுந்து நிமிர்ந்தது.

தண்ணீரை மாற்றி, இருபத்தைந்து பாகையில் போட்ட அடுத்த துண்டு தகரக் கூரை அதிரச் சீறியது. முப்பத்து மூன்று. அதன்பின் தோய்த்த கத்தி முழுசாக வெளியே வந்தது. பாயிஸா அதைத் தட்டிப் பார்த்தாள். விற்கும் பேச்சை விட்டாள்.

சனிக்கிழமை தேநீர்க் கடையில் தாஸிம் கதையை விரித்தார். அந்தச் சீறலில் கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானை ஏழும் கட்டறுத்துக் கடுகண்ணாவை வரைக்கும் ஓடினவாம். கடையே சிரித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தது. எதையும் நம்பாத மனிதர் அவர்தானே.

மாஸ்டர் தன் கதிரையைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் ஓராள் இருக்க இடம் விட்டார்.

"யானை பொய்," என்றார். "மத்தது நடந்தது."