புதன்கிழமைகளில் அவள் போகும் இடம்

மச்சானுக்கு வாயில் பூட்டு கிடையாது. வாடகைக் கார் ஓட்டுகிறவன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பேசி, எதைச் சொல்லலாம், எதை மென்று விழுங்க வேண்டும் என்கிற கணக்கே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான். போனுக்கு சார்ஜ் போட உள்ளே வந்தவன், பிளக்கைத் தேடிக்கொண்டே, “அக்காவைக் கவுன்சிலிங்ல இறக்கிவிட்டுட்டு வரேன் மாமா. அந்தத் தெருவுல வண்டியைத் திருப்பவே முடியல” என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சக்கர நாற்காலியில் இருந்த லிஃப்ட்காரன் மெல்லத் திரும்பினான். “எங்க இறக்கிவிட்ட?”

“அது... மருந்துக் கடையில மாமா.”

“மச்சான், எனக்குக் கால்தான் சொன்ன பேச்சு கேக்காது. காது நல்லாவே கேக்கும்.”



பெரிய கட்டிடங்களில் லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் லிஃப்ட்காரனின் பிழைப்பாக இருந்தது. போன வருடம் ஒரு நாள், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவன் கால் தவறிக் குழிக்குள் விழுந்தான். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இருந்த உடம்பு அவனோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்த வார்டுக்கு ஒரு கவுன்சிலிங் மேடம் வருவார். வார்டு அவருக்கு வைத்திருந்த பெயர் அழுவாச்சி டாக்டர். அவர் குரல் வராந்தாவில் கேட்டால் போதும், கட்டிலுக்குக் கட்டில் குறட்டை கிளம்பிவிடும். இவனும் தூங்குகிற மாதிரி நடிப்பான். ஒரு முறை தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டபோது, “உடைஞ்சது முதுகு மேடம், மூளை இல்ல. பைத்தியம் பிடிச்சா நானே சொல்லி அனுப்புறேன்” என்றான். வார்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று ராத்திரி முழுக்க இவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது வார்டுக்குத் தெரியாது.

பக்கத்துக் கட்டில் லாரிக்காரரின் மனைவி மட்டும் அந்த மேடத்தின் அறைக்குப் போய்ப் போய் வந்தாள். பிறகு ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் போனவள்தான். லாரிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான். அந்த அறைக்குப் போகிற பெண்கள் வீடு தங்க மாட்டார்கள் என்று வார்டு தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த அறை இல்லாவிட்டாலும் அவள் போயிருப்பாளோ என்னவோ, அதையெல்லாம் யார் விசாரித்தார்கள்?

இப்போது இவன் மனைவி அப்படி ஒரு அறைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறாள், அதுவும் மறைத்து. அடிவயிறு கலங்கிவிட்டது என்று சொல்வார்கள். இவனுக்கு அந்தப் பக்கம் எது கலங்கினாலும் தெரியாது. நெஞ்சுதான் கலங்கியது.

யோசிக்க யோசிக்க எல்லாமே பொருந்தி வந்தது. அவள் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்புவாள். மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிறது, இவளோ வெயில் ஏறின பிறகுதான் வருவாள். வரும்போது முகம் தெளிந்திருக்கும். குரல்கூட மாறியிருக்கும். ஒரு நாள் கன்னத்தில் ஏதோ அழுத்திய தடம். என்ன அது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

மற்ற நாட்களில் அவர்களுக்குள் பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. “கையைத் தூக்குங்க.” “கொஞ்சம் சாயுங்க.” “தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன்.” ஒரே மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மீதி இருந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றுதான் பெயர். ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தால் உணர்ச்சி இல்லாத இடத்தில் தோல் புண்ணாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். அப்போதும் பேச மாட்டாள்.

“வண்டியை எடு” என்றான் லிஃப்ட்காரன்.

“ஐயோ மாமா, அக்கா என்னைக் கொன்னுடும்.”

“அக்கா அப்புறமா கொல்லட்டும். முதல்ல நான் இருக்கேன்.”

மச்சான் நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவே பலகையைப் போட்டான். லிஃப்ட்காரன் கைகளை ஊன்றி ஊன்றி நகர்ந்து சீட்டுக்கு மாறினான். கார் கிளம்பியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தான். எங்க வீட்டு விஷயத்துல உங்களுக்கு என்ன வேலை? அடுத்தவன் குடும்பத்தைப் பிரிக்கத்தான் படிச்சீங்களா? இது இரண்டும் மேடத்துக்கு. என்கிட்ட பேச முடியாததை மூணாம் மனுஷிகிட்ட பேச வாய் வருதா? என்ன குறை வச்சேன் உனக்கு? இது இரண்டும் மனைவிக்கு. கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாமா என்று யோசித்தான். இந்த ஒரு வருடத்தில் குறை வைக்காத விஷயம் எது என்று அவனுக்கே நினைவுக்கு வரவில்லை. இந்த நாலுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. என்னை விட்டுட்டுப் போகப்போறியா? அதை மட்டும் அவன் ஒத்திகை பார்க்கவில்லை.

கவுன்சிலிங் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. வண்டி நிறுத்த இடமில்லாததால் மச்சான் அவனை லிஃப்டுக்கு முன்னால் விட்டுவிட்டு ஓடினான். விழுந்த நாளுக்குப் பிறகு லிஃப்டுக்குள் போவது இதுதான் முதல் தடவை என்பது கதவு திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, கால் ஓடாதது பழைய செய்தி, அன்று கையும் ஓடவில்லை. பின்னால் வந்த ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏறுறீங்களா அண்ணா?” என்றாள். ஏறினான். பெட்டி கிளம்பியதும் தரைக்கு அடியில் இருக்கிற அந்தப் பள்ளம் நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்த நேரத்தில் பக்கத்தில் அவள் இருந்திருக்கலாம் என்று நினைத்தான். யாரோடு சண்டை போடப் போகிறோமோ அவளையே துணைக்குத் தேடுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அறைக் கதவைத் தட்டவில்லை, நாற்காலியின் கால்மிதியால் முட்டினான். கதவு உடனே கொஞ்சம் திறந்தது. நரைத்த தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி மேடம் இல்லை, இவர் வேறு. லிஃப்ட்காரன் முதல் கேள்விக்கு வாயைத் திறந்தான். அவர் சட்டென்று உதட்டில் விரல் வைத்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் அவன் மனைவி தெரிந்தாள். நீளமான சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு, கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் பையின் ஜிப்பில் அழுந்தியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை சோபாவை விட்டுக் கீழே தொங்கியது. யாரைப் பற்றியும் எந்தக் கவலையும் இல்லாத தூக்கம்.

அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. வீட்டில் அவள் தூங்குவது தூக்கமே இல்லை, அலாரத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கிற காவல். தாலாட்ட ஆள் இல்லாத ஊரில் குழந்தை எங்கேயோ போய்ப் படுத்துத் தூங்குவதைப் போல, தன் பெண்டாட்டி தூங்குவதற்கு ஒரு இடம் தேடி மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். 

மேடம் வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். “நீங்க?” என்றார் காதோடு காதாக.

“அவ புருஷன்.” இவனும் குரலைத் தணித்தான்.

“இங்க வர்றவங்களைப் பத்தி யாருகிட்டயும் நான் எதுவும் சொல்றதில்ல சார்.”

“நீங்க சொல்லவே வேண்டாம். அதான் பாத்துட்டேனே. நான் உங்ககூட சண்டை போட வந்தேன்.”

“போடலாம். சத்தமில்லாம போடணும்.”

சத்தமில்லாமல் சண்டை போடுவதும் ஒரு வித்தைதான் போலிருக்கிறது, அவனுக்கு அது கைவரவில்லை. தயார் செய்துகொண்டு வந்த நாலு கேள்வியும் கிசுகிசுப்பில் சொல்லிப் பார்த்தால் கேவலமாக இருந்தன. மேடம் வராந்தாவில் கிடந்த நாற்காலியை எடுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயடித்துச் சமாளித்திருப்பான். 

“ராத்திரி நானே திரும்பிப் படுக்கலாம்” என்றான் திடீரென்று. “கட்டில்ல கம்பி மாட்டிப் பிடிச்சு இழுத்தா போதும். பிசியோக்காரர் சொல்லிக்கூடக் குடுத்தார். கையில பலம் இருக்கு எனக்கு.”

“ம்.”

“நான் கத்துக்கல.”

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். “ஏன்?”

வராந்தாவின் கடைசியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். லிஃப்ட்காரன் அந்தச் சத்தம் அடங்கும்வரை ஒருக்களித்த கதவையே பார்த்தான்.

“பகல்ல அவ என்னைத் தொடுறதெல்லாம் வேலை மேடம். தூக்கணும், துடைக்கணும், மாத்தணும். எனக்கே கூச்சமா இருக்கும். ராத்திரி திருப்பிவிட்ட பிறகு மட்டும் என் தோள் மேல கையை வச்சபடியே கொஞ்ச நேரம் இருப்பா. தூக்கக் கலக்கத்துல எடுக்க மறந்துடுவா போல. அந்த இடத்துல எனக்கு உணர்ச்சி இருக்கு. அந்த ஒரு கைக்காக நான் முழிச்சுட்டுக் கிடப்பேன். அலாரம் எப்ப அடிக்கும்னு.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்கூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை. தனியாகக் கிடக்கப் பயந்து, அவளை ராத்திரி ராத்திரியாக எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

“அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?”

“சொன்னா பரிதாபப்பட்டுக் கையை வைப்பா. அப்படி வைக்கிற கை எனக்கு வேண்டாம்.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “போயிடுவாளா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.”

“எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அதை நீங்க கேக்க வேண்டிய ஆள் உள்ள இருக்காங்க.”

அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார். “நேரம் ஆயிடுச்சு. எழுப்பணும்.”

“இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமே.”

“எனக்கும் எழுப்ப மனசில்லதான். ஆனா யார் பேர்லயாவது நேரம் போட்டிருந்தாத்தான் இந்த ரூம் திறந்திருக்கலாம். இல்லன்னா பூட்டிச் சாவியைக் கீழ குடுத்துடணும்.”

“அடுத்து யாராவது வர்றாங்களா?”

“இப்போதைக்கு யாரும் இல்ல.”

“அப்ப என் பேர்ல போடுங்க.”

மேடம் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். “போட்டா பேசணும் சார். ஒப்புக்கு உக்காந்திருக்க விட மாட்டேன்.”

“பேசுறேன்.”

“சரி, உள்ள வாங்க.”

“வேண்டாம் மேடம், இங்கயே பேசுவோம்” என்றான் லிஃப்ட்காரன். “சக்கரம் சத்தம் போடும். அவ எழுந்துடுவா.”