மறுபரிசீலனைக் குழுவின் ஒரே கூட்டம்

சிறைத்துறைத் தலைமை அலுவலகத்துக் குமாஸ்தா ஒரு கோப்பைக் கையில் எடுத்தால், அந்தக் கோப்புக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகுதான் கீழே வைப்பார் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். "ஒரு பல்பு மாத்த மூணு மாசம் யோசிக்கிற மனுஷன்" என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் அறிமுகம் செய்து வைப்பாள். அவர் மறுத்ததில்லை. மறுக்கவும் நேரம் வேண்டுமே.

அப்படிப்பட்டவரிடம் துறைச் செயலாளர் வந்து, "ஒரு வாரத்துல ஒரு குழு அமைக்கணும்யா" என்றார்.

விஷயம் இதுதான். ஆள் வைத்து இரண்டு பேரைக் கொன்ற தொழிலதிபர் ஒருவர் கடல் தாண்டி ஓடிப்போயிருந்தார். அங்கே பிடித்துவிட்டார்கள், அனுப்பத்தான் மறுத்தார்கள். நம் சட்டப்படி ஆயுள் தண்டனை வாங்கியவன் பிணமாகத்தான் வாசல் தாண்ட முடியும். நடுவில் யாரும் எட்டிப் பார்த்து, "என்னப்பா, திருந்திட்டியா?" என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அது மனிதத்தன்மை இல்லை, தண்டனையை மறுபரிசீலிக்க ஒரு குழு இருந்தால்தான் ஆளை அனுப்புவோம் என்றது அந்த நாடு.

"எல்லா ஊர்லயும் ஆயுள்னா ஆயுள்தானே சார்?"

"எங்கய்யா! அவங்க ஊர்ல இருபது வருஷம் ஆனா உக்கார வச்சுப் பேசணுமாம். அவங்க பக்கத்து நாட்டுல ஆயுள் தண்டனையே கிடையாதாம். இன்னொரு பெரிய நாடு ஆயிரக்கணக்குல நம்மள மாதிரியே அடைச்சு வச்சிருக்கு, அவன ஒருத்தனும் கேக்கறதில்ல. நாம இளிச்சவாயன், நம்ம தலைல மிளகாய் அரைக்கிறாங்க."

குமாஸ்தா குழு அமைத்தார். சிறையில் விடுதலையே இல்லாத ஆயுள் கைதிகள் நாற்பத்திரண்டு பேர். அவர்களில் மூத்தவர், முப்பத்தொரு வருடமாகச் சீருடை தைக்கிற தையல்காரர். ஒரு கொலை செய்தவர். செய்யவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பெயரிலேயே முதல் மனு. கூட்டக் குறிப்பை, வழக்கம்போல, கூட்டத்துக்கு முன்பே குமாஸ்தா டைப் செய்து வைத்துவிட்டார்: 'கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.'

மனுவில் 'விடுதலைக்குப் பின் திட்டம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பக் குமாஸ்தா சிறைக்குப் போனபோது தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "எட்டாவது வருஷத்தோட ஆசைய விட்டுட்டேன் சார். அப்புறந்தான் தூக்கமே வந்துது. மறுபடி கெளப்பாதீங்க" என்றார்.

"சும்மா ஒரு ஃபாரத்துக்குண்ணே."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தங்கச்சி வீட்டுக்குப் போவேன்னு எழுதிக்குங்க. வருஷம் தவறாம அவதான் வந்து பாத்துட்டுப் போறா. ஒரு தடவையாவது நான் போய்ப் பாக்கணும்ல."

குமாஸ்தாவுக்குப் பேனா ஓடவில்லை. மை இருந்தது.

குழு கூடி, தேநீர் குடித்துக் கலைந்தது. அந்த நாடு விடாமல் இன்னொரு கேள்வி அனுப்பியது: 'உங்கள் குழு இதுவரை எத்தனை பேரை விடுவித்திருக்கிறது?'

"பூஜ்யம்னு எழுதினா காறித் துப்புவாங்கய்யா" என்றார் செயலாளர். "தையல்காரன விட்டதா மாத்து."

குமாஸ்தா ஒரே ஒரு சொல்லை மாற்றினார். முப்பத்தொரு வருடம் முடிய அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்த நாடு திருப்தியடைந்தது. தொழிலதிபர் வெள்ளிக்கிழமை பகலில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. செயலாளர் குமாஸ்தாவின் தோளைத் தட்டினார். "ஆள் தரையிறங்கட்டும். அப்புறம் குழுவையும் கலைச்சுடலாம், தையல்காரனோட விடுதலை உத்தரவையும் கிடப்புல போட்டுடலாம். அதுல உன்ன மிஞ்ச ஆள் ஏது!"

குமாஸ்தாவுக்கு அன்று என்ன பிடித்ததோ. ஆறு மேசைகளில் ஆறு கையெழுத்து வேண்டும். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். மூன்றாம் மாடி அதிகாரி, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போய்ப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குச் சிறை வாசல் திறந்தது.

திறந்தும் தையல்காரர் நகரவில்லை. எதிரே பேருந்து நிறுத்தத்தில் தங்கை நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் சாலை. முப்பத்தொரு வருடமாக அவர் சாலை கடந்ததில்லை. குமாஸ்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியில் செல்பேசி அடித்தது. செயலாளர்.

"விமானம் இறங்கிடுச்சுய்யா! அந்த உத்தரவ நிறுத்து. அவன் எங்க?"

"நடு ரோட்டுல சார். நான்தான் கையப் பிடிச்சிருக்கேன்."

"அப்பாடா! அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வா."

குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். "பின்னால லாரி வருது சார். முன்னாலதான் காலியா இருக்கு" என்று சொல்லி, செல்பேசியை அணைத்துவிட்டு நடந்தார்.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தங்கை அழுதாள், அழுகையோடு திட்டினாள். "ஊருக்கே தைக்கிற ஆளு, சொந்தச் சட்டைல பொத்தான மாத்திப் போட்டிருக்க பாருண்ணே!"

தையல்காரர் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டே சிறைச் சுவரைப் பார்த்தார். "உள்ள இன்னும் நாப்பத்தொரு பேர் இருக்காங்க தம்பி. குழு மறுபடி எப்ப கூடும்?"

குமாஸ்தா செருப்பைப் பார்த்தார்.

"இன்னொருத்தன் வெளிநாட்டுக்கு ஓடணும்ண்ணே."