வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வேறு ஊர்களில் இதை இலை உதிரும் காலம் என்பார்கள். இந்த ஊரில் உதிர்வதற்கு இலை எங்கே இருந்தது? இருந்ததையெல்லாம் கோடையே தின்று முடித்திருந்தது. இங்கே அந்தக் காலம் வந்துவிட்டதற்கு அடையாளம் வேறு. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைச் சுடாது. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து அடுப்பு மேடையைத் தொடும். பூ விதை போடுகிறவர்களுக்குக் கை பரபரக்கும்.

அவளுக்கும் பரபரத்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள். ஒன்பது மணிக்குச் சோதனைக் குழாய்களைக் கழுவ வேண்டிய கை, ஆறு மணிக்கு வீட்டு வாசலில் கடப்பாரை பிடித்துக்கொண்டிருந்தது. பத்தடிக்கு ஆறடி மண். அதில் மூன்று ரோஜாச் செடிகள் மட்டும், இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பெயருக்கு உயிரோடு நின்றன. மண்ணின் மேல் கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளையாக ஒரு படிவு.

"ஏம்மா, புதையல் ஏதாவது தட்டுப்படுதா?" என்றாள் நாத்தனார், காபி டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்தபடி. கணவரின் அக்கா. ஓய்வு பெற்ற பிறகு இவர்களோடுதான் இருக்கிறாள். தினமும் காலையில் யாரையாவது ஒரு வார்த்தை இடிக்காவிட்டால் அவளுக்குக் காபி இறங்காது.

"உப்புதான் அண்ணி தட்டுப்படுது. போர்த் தண்ணி ஊத்தி ஊத்தி மூணு வருஷ உப்பு."

"அதான் தம்பி சிமெண்ட் போடச் சொல்லிட்டானே. அடுத்த வாரம் சனிக்கிழமை கொத்தனார் வரப்போறார். எதுக்கு இடுப்பை ஒடிச்சுக்கிற?"

அதுதான் விஷயம். மூன்று வருடமாக விதை போடுகிறாள், மூன்று வருடமாக முளை இரண்டு இலை விட்டதும் கருகுகிறது. காற்றடித்தால் வெள்ளைத் தூசி கூடம் வரை வருகிறது. கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "மூடிடலாம்" என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் திருப்பி எடுக்காதவர்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டுநர். நல்ல தண்ணீர் ஊற்றிலிருந்து ஏற்றி, குழாய் வராத தெருக்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்தால் எந்த ஊற்று என்று சொல்லிவிடுவார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஒரு கண்ணாடிச் சில்லை அவர் முன் வைத்தாள். மண்ணைக் கரைத்து, தெளிந்த நீரில் நாலு சொட்டு எடுத்து, அடுப்பில் காய்ச்சியது. நடுவில் தடித்த வெள்ளை வளையம்.

"இது கீழே இறங்கிட்டா செடி வரும். நல்ல தண்ணிய ஒரே மூச்சுல நிறைய ஊத்தினா உப்பு கரைஞ்சு ஆழத்துக்குப் போயிடும். கீழே மணல்தான், தோண்டிப் பாத்துட்டேன்."

"எவ்வளவு வேணும்?"

"ரெண்டாயிரம் லிட்டர்."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "ஊரே குடத்தோட வரிசையில நிக்குது. நான் வெறும் மண்ணுல தண்ணி ஊத்தினா நல்லாவா இருக்கும்?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் இரவெல்லாம் உறுத்தியது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் நேராக லாரி டிப்போவுக்குப் போனாள். மேற்பார்வையாளர் எழுந்து நின்றார்.

"வா தங்கச்சி. வீட்டுக்காரர் ட்ரிப்புல இருக்காரே."

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன் அண்ணே. வெள்ளிக்கிழமை வண்டி கழுவுறப்ப அடியில நிக்கிற தண்ணி எங்கே போகுது?"

"சாக்கடைக்கு. வேற எங்கே? வால்வுக்குக் கீழே நிக்கிறது, குழாய்ல வராது. துரு, தூசி. யாரு குடிப்பா?"

"குடிக்க வேண்டாம். எனக்குக் கொடுங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அவர் கேக்கச் சொன்னாரா?"

"அவர் கேப்பாரா?"

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "ஏழு வருஷமா ஒரு குடம் வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுஷன். ஆறு வண்டி இருக்கு, ஒண்ணுக்கு முன்னூறு லிட்டர் தேறும். மோட்டார் வச்சு ஒரே வண்டியில ஏத்தித் தரேன். ஓட்டிட்டு வர்றதுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கிறது உன் பாடு."

அவள் சம்மதிக்க வைத்தாள். கெஞ்சவில்லை, பந்தயம் கட்டினாள். "சாக்கடைக்குப் போற தண்ணி. யார் குடத்துலயும் கை வைக்கல. ஊத்தின பிறகு மண்ணைக் கரைச்சுத் தரேன், உங்க நாக்கு சொல்லட்டும். உப்பு இருக்குன்னா கொத்தனார் வரட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயாவது, வாய் திறக்காம இருக்கிறதாவது," என்றாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை மாலை லாரி சந்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. அதற்குள் அவள் ரோஜாக்களின் அடியை மட்டும் விட்டுவிட்டு மண்ணை இரண்டடி ஆழம் கொத்தி, சுற்றிலும் வரப்பு கட்டியிருந்தாள். துருநிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. வரப்பு ஒரு மூலையில் உடையப் பார்த்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலாலேயே அணைத்தாள்.

நான்கு நாள் கழித்து, மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரை ஒரு டம்ளரில் நீட்டினாள். அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு இருக்கு," என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் பந்தயம் கட்டியது அவள்தானே. "சரி" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாத்தனாருக்குக்கூட அன்று காபி இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவள் மூன்று ரோஜாக்களையும் வேர்மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தாள். தொட்டிக்கு எங்கே வெயில் வரும் என்று மொட்டைமாடியை அளந்து பார்த்தாள். வாசல் இல்லையென்றால் மாடி. அதையும் கொத்தனார் பூச வந்தால் ஜன்னல். அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, மாடியில் இருந்தவளுக்கு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. இறங்கி வருவதற்குள் அந்த வாரத்துத் துருநிறத் தண்ணீர் பாதி இறங்கிவிட்டிருந்தது. அவர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, வரப்பின் மேல் நின்று குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? உப்பு இருக்குன்னீங்களே."

"இருக்குன்னுதான் சொன்னேன். எவ்வளவு இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே."

"எவ்வளவு?"

"முன்னாடி நீ தோண்டி வச்ச மண்ணையும் கரைச்சு நாக்குல வச்சுப் பாத்தேன். அது கடல். இது நீ வைக்கிற குழம்பு."

அவள் குழம்பைப் பற்றிச் சண்டை போடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அவரோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வருஷா வருஷம் விதை போட்டுட்டு, கருகினதும் நீ இங்கே வந்து நிக்கிற பாரு, அதை என்னால பாக்க முடியல. அதான் மூடிடலாம்னேன். தூசியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா?"

அவள் தண்ணீருக்குள் இறங்கி, குழாயை அவரோடு சேர்ந்து பிடித்துக்கொண்டாள்.

கொத்தனாருக்குச் சொல்லியனுப்ப இருவருக்குமே நினைவில்லை. மறுநாள் காலை மட்டப்பலகையும் நூலுமாக அவர் வந்து நின்றார். மண்ணில் ஒரு காலை வைத்தார். கணுக்கால் வரை உள்ளே போனது. இழுத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"என்ன சார் இது, வயலா? இதுல எப்படி மட்டம் பாக்கிறது?"

"காயட்டும் அண்ணே," என்றார் கணவர்.

"எப்ப காயும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "எப்ப காயும்?"

"அடுத்த கோடைக்கு," என்றாள் அவள், சேற்றில் கைவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டே.

ஐந்தாம் நாள் மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. கரைத்த நீரைக் கண்ணாடிச் சில்லில் காய்ச்சினாள். நூல் கனத்துக்கு ஒரு கோடுதான் மிஞ்சியது. கணவரிடம் ஒரு சொட்டு கொடுத்தாள். அவர் தலையாட்டினார். அவள் கயிறு கட்டி வரிசை பிடித்து, சாமந்தி விதையை மணலோடு கலந்து தூவத் தொடங்கினாள்.

"என்ன நிறம்?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள் நாத்தனார்.

"ஆரஞ்சு, அண்ணி."

"ஆரஞ்சு கண்ணைக் குத்தும். மஞ்சள்தான் வீட்டுக்கு அழகு. யாரு என்னைக் கேக்கிறா?"

இரண்டு வரிசை முடிந்திருந்தது. மூன்றாவது வரிசையைத் தூவாமல் விட்டுவிட்டு, மஞ்சள் விதைப் பொட்டலத்தை எடுத்துவர அவள் உள்ளே போனாள்.